கல்லைக் குளிப்பாட்டிய எம்.எல்.ஏ.

போடியில் எந்தத் திறப்பு விழாவுக்கு எங்கள் எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டாலும், கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு ரிப்பனை வெட்டாமல் நிற்பார். கூட்டம் கைதட்டத் தயாராக இருக்கும். போட்டோகிராபர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். இவரோ பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்பார்.

மாட்டிக்கொண்டவர் பாவம், மாலை வாங்கிக்கொண்டு வந்த கமிட்டி உறுப்பினராக இருப்பார். "சும்மா பொட்டல்தான் சார்" என்பார்.

"சும்மா பொட்டல்னு ஒண்ணு கெடையாதுப்பா. பொட்டலுக்கு முன்னாடி?"

கூட்டத்தில் யாராவது வயதானவர், "எங்கய்யா காலத்துல மாட்டுச்சந்த கூடுன எடம்" என்று குரல் கொடுத்துவிட்டால் தப்பித்தோம். முகம் மலர்ந்து ரிப்பனை வெட்டிவிடுவார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்றால் மத்தியானச் சாப்பாடு ஆறி அவலாகப் போய்விடும்.

நான் அப்போது நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியர். எழுபதுகளின் நடுவில் போடிக்கு மாற்றலாகி வந்து, மலையடிவாரத்து முந்தலிலிருந்து மேலே போடிமெட்டு வரைக்குமான வளைவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளுவது, வெயில் காலத்தில் குழியை மூடுவது, அடுத்த மழைக்கு மறுபடி மண்ணை அள்ளுவது, இதுதான் என் பிழைப்பு. ரோடு போடுகிறவனுக்குப் பழைய கல் என்றால் உடைத்து ஜல்லியாக்க வேண்டிய சாமான். அவருக்கு அது படிக்க வேண்டிய சாமான். அதனால் எங்கள் இருவருக்கும் ஆரம்பத்தில் ஒத்தே போகவில்லை.

எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஊரில் அவரை வாத்தியார் என்றுதான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். மற்ற வேட்பாளர்கள் சிலமலைக்குப் போய்க் கிணறு, கரண்டு, கடன் என்று பேசினார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "ஒங்க ஊர்க் கம்மாய்க்கு மடை ஏன் இந்தப் பக்கம் வச்சான்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாராம். யாருக்கும் தெரியவில்லை. பங்காளிச் சண்டையில் மடையைப் பிடிவாதமாகத் திருப்பி வைத்த கதையை அவர் சொல்ல, அந்தப் பங்காளிகளின் பேரன்மார்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டார்கள். தங்கள் தாத்தன் பெயரை மைக்கில் கேட்ட மனிதன் வேறு யாருக்கு ஓட்டுப் போடுவான்? ஜெயித்துவிட்டார்.

சட்டசபையிலும் இதே கூத்துதான் என்று உடன் போனவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். போடிக்கு ஒரு பாலம் கேட்க எழுந்திருப்பார். அந்த ஆற்றை முதன்முதலில் கடந்தவர்கள் யார் என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். பொதிமாட்டுக்காரர்கள் ஆற்றில் இறங்கி நடு ஆற்றுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். "தலைவர் அவர்களே, மாடு தண்ணிக்குள்ள நிக்குது, கரையேத்திட்டு உக்காந்துக்கிறேன்" என்றாராம் ஒருமுறை. சபையே சிரித்தது. பாலமும் கிடைத்தது.

எல்லா இடத்திலும் இது எடுபடவில்லை. தேவாரத்துப் பக்கம் யானை இறங்கி வாழையைத் துவம்சம் செய்துவிட்டது என்று விவசாயிகள் மனுவோடு வந்து நின்றார்கள். மனுவை வாங்கியவர், "அந்தக் காட்டுக்குப் பேரென்ன?" என்று கேட்டார். ஆனைத்தடம் என்றார்கள். "பேர் வச்சவன் என்னத்தப் பாத்து வச்சிருப்பான்? அதுக்கு முன்னாடி அங்க ஆனைதானப்பா நடந்திருக்கு" என்று ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "சார், ஒங்களுக்கு ஆனையா ஓட்டுப் போட்டுச்சு?" என்றார். வாத்தியார் சிரித்துத் தோற்றுப்போய், அன்றைக்கே வனத்துறை ஆபீசுக்கு அவர்களோடு நடந்தார். அகழி வெட்டுகிற வரைக்கும் விடவில்லை. ஆனால் வெட்டும்போது கிடைத்த பழைய பானை ஓடுகளை ஒரு துண்டு விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எப்போதும் ஒரு மஞ்சப்பை தோளில் தொங்கும். எம்.எல்.ஏ.வின் பையில் மனுக்கள் இருக்கும் என்றுதானே நினைப்போம்? மனுக்களைச் சட்டைப் பையில் திணித்திருப்பார். மஞ்சப்பைக்குள் தேங்காய் நார், ஒரு பித்தளைச் செம்பு, சாக்பீஸ் தூள் கட்டிய பொட்டலம். வழியில் எழுத்து வெட்டிய கல் தென்பட்டால் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்குவார். தண்ணீர் ஊற்றி, நாரால் பாசியைத் தேய்த்து, சாக்பீஸ் தூளைப் பூசித் துடைப்பார். பள்ளத்தில் தூள் தங்கி எழுத்து வெள்ளையாக மேலே வரும். அதைப் படிக்கும்போது உதடு அசையுமே தவிரச் சத்தம் வராது. அந்த நேரத்தில் முதல் மந்திரியே வந்து நின்றாலும், "செத்த இருங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்தப் பழக்கம்தான் அவரை ஒருநாள் வசமாக மாட்டிவிட்டது.

மெட்டு ரோட்டிலிருந்து பிரிந்து மேலே போனால் மேல ஊத்து என்று ஒரு குடியிருப்பு. ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற குடும்பங்கள். போக வர ஜீப்புதான் கதி. ஜீப்பில் ஆட்களை ஏற்றுவதைப் பார்த்தால் வாழைத்தார் லோடு ஏற்றுகிற மாதிரி இருக்கும். சாயங்காலத்துக்கு மேல் அதுவும் கிடையாது. தாங்க முடியாத நோவு என்றால் போர்வையை மூங்கிலில் தூளி கட்டி, ஆளை உள்ளே படுக்க வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு முந்தலுக்கு இறங்க வேண்டும். மேல ஊத்துக்கு பஸ் விடுகிறேன் என்று வாத்தியார் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்குகளில் அது ஒன்றுதான் பாக்கி. பஸ் வருவதற்கு ஒரே ஒரு வளைவு இடைஞ்சல். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், மறுபக்கம் பாறை. பாறையைக் குடைந்து அகலப்படுத்தினால்தான் பஸ் திரும்பும். அதை அளக்கத்தான் அவரும் நானும் ஒரு சாயங்காலம் போனோம்.

பாறையின் அடியில், மண்ணில் பாதி புதைந்து ஒரு கல் நின்றது. நான் அதைப் பார்க்காத மாதிரி டேப்பைப் பிடித்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"ஓவர்சியர், எழுத்து இருக்கு!"

அன்றைக்குத் தூறல். பாறை வழுக்கும் என்று செருப்பைக் கழற்றினார். துண்டு நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிக்கொண்டார். செம்பில் ஊற்றுத் தண்ணீர் பிடித்துக் கல்லின் தலையில் ஊற்றித் தேய்த்தார். சாக்பீஸ் தூள் ஈரத்தில் களியாகியிருந்தது. எங்கள் ஜீப் டிரைவர் பக்திமான், சட்டைப் பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார். அதை வாங்கிக் கல் முழுக்கப் பூசினார். நாலு பக்கமும் எழுத்து இருக்கிறதா என்று கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மண்ணை ஒட்டியிருந்த அடி வரியைப் படிக்க நெடுஞ்சாண்கிடையாகக் கீழே விழுந்தார்.

எங்கள் ஜீப் வழியை மறித்து நின்றதால், பின்னால் தோட்டத்து ஜீப்பு ஒன்று வந்து காத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த பெண்கள் இவ்வளவையும் பார்த்தார்கள். எம்.எல்.ஏ. செருப்பைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டி, அபிஷேகம் செய்து, திருநீறு பூசி, சுற்றி வந்து விழுந்து கும்பிடுகிறார் என்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒவ்வொருவராக இறங்கிக் கைகூப்பினார்கள். காமாட்சி என்கிற அம்மாள் குலவையே போட்டார். அந்த மலையில் குலவைச் சத்தம் எதிரொலித்தது. வாத்தியார் காதில் ஒன்றும் விழவில்லை.

"கீழ் எழுத்தெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு ஓவர்சியர். மேல 'மலை வழி'ன்னு மட்டும் தெரியுது. ஜமீன் காலத்துச் சுங்கக் கல்லா இருக்கும். அடுத்த வாரம் கடப்பாரை கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் கடப்பாரையோடு போனோம். கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தது. முன்னால் மூன்று பொங்கல் பானை. காமாட்சி பூசாரியாக நின்றார்.

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இப்படிப் பண்ணது?"

"நீங்கதான சார்" என்றார் காமாட்சி. "இத்தன வருசமா இந்த வழியாத்தான் போறோம், வர்றோம். சாமி இருக்குறது எங்க கண்ணுக்குத் தெரியலயே. நீங்க வந்துதான கண்டுபிடிச்சீங்க?"

நான் கடப்பாரையை ஜீப்புக்குள் மறைத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சாமி வளர்ந்த வேகத்தில் எங்கள் ரோடு ஒரு முழம்கூட வளரவில்லை. மெட்டுக்குப் போகிற ஜீப்புகள் ஒரு சுற்று உள்ளே வந்து எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போயின. கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக் கங்காணி வந்து, "சாரே, நல்ல சக்தியுள்ள சாமியா கேட்டோ" என்று என்னிடமே சான்றிதழ் கொடுத்தார். பாறையில் வெடி வைக்கலாம் என்று யோசிக்கக்கூட முடியாது. வாத்தியாரோ கல்லின் கீழ்ப்பாதியைப் படிக்க முடியாமல் தவித்தார். படிக்கப் போய்ச் சாமியாக்கினார், சாமியானதால் படிக்க முடியவில்லை. அவருடைய அவஸ்தையைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பு சின்னத்தாயியால் நின்றது. காமாட்சியின் மருமகள், தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி. இடுப்பு வலி கண்டபோது ஜீப்பு இல்லை. கொட்டுகிற மழையில் தூளி கட்டி இறக்கினார்கள். ஆஸ்பத்திரி வரை போய்ச் சேரவில்லை. முந்தல் செக்போஸ்டுக்குப் பக்கத்து டீக்கடையில், பெஞ்சுகளை நிறுத்தித் தடுப்புக் கட்டி, பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்தான். டீக்கடைக்காரர் ஊர் முழுக்க இனாமாக டீ கொடுத்தார். வாத்தியார் மட்டும் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "பஸ் வந்திருந்தா இந்தப் புள்ள ஆஸ்பத்திரியில பொறந்திருக்கும். நான் ஊத்துன ஒரு செம்புத் தண்ணி மறிக்குது ஓவர்சியர்" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். கோடாங்கிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். சாமியே இடம் மாறக் கேட்கிறது என்று அவர் உடுக்கடித்துக் குறி சொல்லிவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்துவிடும். கட்சிக்காரர்களுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. எலெக்‌ஷன் வேறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

வாத்தியாருக்கு வந்ததே கோபம். "நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான்ல, இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு? அவனுக்கு என் கையால ஒரு பொய்ய நட்டு வச்சிட்டுப் போகச் சொல்றீங்களா? நடந்தத நடந்த மாதிரிதான் சொல்லணும். முடியலேன்னா வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

"அப்ப பஸ்சு சார்?"

மஞ்சப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

வழி கடைசியில் மேல ஊத்துக்காரர்களே திறந்துவிட்டார்கள். சாமிக்குப் பீடம் கட்டுவது என்று முடிவாகி, அடிக்கல் நாட்ட எம்.எல்.ஏ.வையே கூப்பிட்டார்கள். சாமியைக் கண்டுபிடித்தவர் அவர்தானே! உறுமி மேளம், மைக் செட்டு, கலர்த்தாள் தோரணம். எங்கள் துறைப் பெரிய அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். கட்சிக்காரர்கள் வாத்தியாரை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு, "கும்பிட்டு எறங்கிருவோம், ஒண்ணும் பேச வேணாம்" என்று ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

பீடத்துக்காகக் கொத்தனார் கல்லைச் சுற்றி மண்ணைத் தோண்டினார். தோண்டத் தோண்ட எழுத்து வந்தது. கொஞ்சம் தள்ளி அதே உயரத்தில் இன்னொரு கல் படுத்துக் கிடந்தது. அதன் மேல் பலகை மாதிரி நீளமாக ஒரு கல்.

அவ்வளவுதான். வாத்தியார் கட்சிக்காரர்களை உதறிவிட்டு, செம்புத் தண்ணீரை ஊற்றித் துடைத்து, தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எம்.எல்.ஏ. விழுந்ததும் முன்வரிசை விழுந்தது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. சாமி இறங்கிவிட்டது என்று உறுமிக்காரர் வேகத்தைக் கூட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் அதிகாரி அங்குமிங்கும் பார்த்து, தனியாக நிற்பது மரியாதையில்லை என்று பேன்ட்டோடு அவரும் படுத்தார். மொத்த மலையில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த மனிதர் அங்கே படித்துக்கொண்டிருக்கிறார் என்று.

ரொம்ப நேரம் எழவில்லை. எழுந்தபோது நெஞ்சு முழுக்கச் சேறு, கண் கலங்கியிருந்தது. மேளத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு கட்சிக்காரர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ஆத்தாமாரே, இது சாமின்னு நான் சொல்லல. அன்னிக்கு எழுத்துப் படிக்கத்தான் தண்ணி ஊத்துனேன். சுங்கக் கல்லுன்னு நெனச்சேன், அதுவும் தப்பு. இது சுமைதாங்கி. ரெண்டு கல்ல நட்டு, மேல பலகக் கல்லு போட்டது. தலைச்சுமையோட மலையேறுறவுக, அடுத்தாளு ஒதவி இல்லாம சுமைய எறக்கி வச்சு எளைப்பாறணும்னு வச்சது. வயித்துல புள்ளையோட ஒருத்தி செத்துப்போனா, அவ சுமை எறங்காமப் போயிட்டாளேன்னு அவ பேரால சுமைதாங்கி வைப்பாக. ஒங்களுக்குத் தெரியும். இவ பேரு பேச்சியம்மா. மலை எறங்குற வழியில, இந்த எடத்துலயே உசுரு போயிருக்கு. புருசன் வச்ச கல்லு இது."

உறுமிக்காரர் கையை உறுமியின் தோல் மேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். போச்சு, எலெக்‌ஷனும் போச்சு, பஸ்சும் போச்சு என்று நான் நினைத்தேன்.

காமாட்சி முன்னால் வந்தார். "பஸ்சுக்கு எம்புட்டு எடம் வேணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கையைக் காட்டினேன். கல் நின்ற இடத்தைத் தாண்டிப் போனது என் கை.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பிள்ளத்தாச்சியா வழியிலயே செத்தவ. எம் மருமகள தூளியில தூக்கிட்டுப் போனப்ப இவளத் தாண்டித்தான் போனோம். பிள்ளத்தாச்சி போற பஸ்ஸ இவளா மறிப்பா? சொல்லுங்கடி!"

பிறகு வாத்தியாரிடம், "சாமி இல்லேன்னு மட்டும் சொல்லாதீக சார். பேரு தெரியாமக் கும்பிட்டோம், இனிமே பேரு சொல்லிக் கும்பிடுவோம். பஸ்சு நிக்கிற எடத்துல தூக்கி வைங்க. அவ சோலிய அவ பாக்கட்டும்" என்றார்.

வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். அது உண்மையான கும்பிடு.

மூன்று கற்களையும் ஊர்க்காரர்களே சுமந்துகொண்டு போய் மேல ஊத்து பஸ் நிற்கும் இடத்தில் பழையபடி நட்டார்கள். நான் பாறையைக் குடைந்தேன். பஸ் வந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. மற்ற நாளெல்லாம் விறகுக்கட்டும் அரிசி மூட்டையும் அதன் மேல்தான் இறங்கின. பெரிய அதிகாரி தன் பேன்ட்டுச் சேற்றைப் பற்றிக் கடைசி வரை யாரிடமும் பேசவில்லை.

அடுத்த தேர்தலில் வாத்தியார் தோற்றார். மேல ஊத்துக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்குத்தான் போட்டார்கள், ஆனால் மேல ஊத்து எவ்வளவு பெரிய ஊர்? தோற்ற கையோடு ஒரு காலையில் அந்த பஸ்சிலேயே மேலே வந்து இறங்கினார். நான் அங்கே தார் வேலையில் இருந்தேன். ஆளுக்குச் சோர்வெல்லாம் இல்லை. காட்டுக்குள் பழைய கோட்டைச் சுவர் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்களாம், இனி நேரம் நிறைய இருக்கிறதாம். மஞ்சப்பை கனத்துத் தோளை இழுத்தது. காமாட்சி தன் கூடையைக் கல்லின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"எறக்கி வைங்க சார்."

தயங்கினார். படிக்கிற கல்லின் மேல் பாரம் வைத்துப் பழக்கமில்லாத மனிதர். பிறகு வைத்தார்.

பஸ் கண்டக்டர் அந்தத் தடத்துக்குப் புதுசு. இறங்கி நின்று கல்லைப் பார்த்தார். "இது என்னய்யா வழியில? பஸ் ஸ்டாப்புக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாத்தியாருக்கு முகம் பூத்துவிட்டது. நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் ஏற நின்ற மொத்த வரிசையும், இடுப்பில் பிள்ளையோடு நின்ற சின்னத்தாயி உள்பட, ஒரே குரலில் சொன்னது: "இங்க ஒண்ணும் இல்ல. இது கீழ வளைவுல இருந்துச்சு. பேச்சியம்மாளுக்கு அவ புருசன் வச்சது!"

வாத்தியார் திறந்த வாயை மூடிக்கொண்டார். சரித்திரம் பேச எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் அவர் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததும் அன்றைக்குத்தான்.